உஹுத் பாடத்த விட்டுட்டுப் போகணுமா?

வ அலைக்கும் ஸலாம் சகோதரி. உங்க லெட்டர் கொஞ்சம் பெருசு, மத்தவங்களும் படிக்கிறாங்கங்கிறதால சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். நீங்க ஞாயித்துக்கிழமை மக்தப்ல (மார்க்கப் பாட வகுப்புல) 13ல இருந்து 16 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு சீரா, அதாவது நபியோட வாழ்க்கை வரலாறு எடுக்குறீங்க, முஸ்லிம்கள் ஜெயிச்ச பத்ருப் போர் எடுத்தப்போ கிளாஸே கைதட்டி கேட்டுச்சு, அடுத்து அவங்க தோத்த உஹுத் போர் ஆரம்பிச்ச அன்னைக்கு ஒரு பையன் எந்திரிச்சு "நபி கூடவே இருந்தாங்களே, அப்புறம் எப்படி மிஸ் தோத்தாங்க?"னு கேட்டுட்டான், பக்கத்துல இருந்தவன் "அந்த வில்வீரர்கள் எல்லாம் சரியான நூப்ஸ்"னு சொல்லி கிளாஸே சிரிச்சிருச்சு, அதுக்கு மேல ஒரு பொண்ணோட அம்மா ஃபோன் பண்ணி சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்கு ரத்தம் வெட்டு குத்து எல்லாம்னு கேட்டிருக்காங்க, நிர்வாகத்துல "பெரியவங்க பேச்ச மீறினா இப்படித்தான் ஆகும்னு சொல்லி பத்து நிமிஷத்துல முடிச்சிருங்க"ங்கிறாங்க. பேசாம உஹுத தாண்டி நேரா அகழ் யுத்தத்துக்குப் போயிரவானு கேக்குறீங்க.

போகாதீங்க. பத்ர மட்டும் எடுத்துட்டு உஹுத விட்டா, பாதி எடுத்ததை விட மோசம். ஹிஜ்ரி 2 ரமலான்ல முந்நூத்திச் சொச்சம் பேரு கிட்டத்தட்ட 1000 பேர ஜெயிச்சாங்கங்கிறதோட பையன் வீட்டுக்குப் போனான்னா அவன் மண்டையில நிக்கிறது ஒரே ஒரு ஃபார்முலாதான், நம்ம பக்கம் சரியா இருந்தா நம்மதான் ஜெயிப்போம். அந்த ஃபார்முலாவ வச்சுக்கிட்டு வளர்ற பையன் பரீட்சையில ஃபெயிலானாலும் சரி, வாப்பாவோட வியாபாரம் படுத்தாலும் சரி, டிவி நியூஸ்ல வேற எத பாத்தாலும் சரி, ஒண்ணு ஈமான் (இறைநம்பிக்கை) ஆட்டம் காணும் இல்லனா யாரையாவது பழி சொல்லத் தேடுவான். குர்ஆன்ல ஆல இம்ரான் சூராவ (அத்தியாயத்த) எடுத்துப் பாருங்க, 121வது ஆயத்துல (வசனத்துல) ஆரம்பிச்சு பல பக்கத்துக்கு உஹுத் பேச்சுதான். அல்லாஹ் இவ்ளோ விவரமா பேசுன ஒரு தோல்விய நாம பத்து நிமிஷத்துல மூடி வைக்கிறதுல எனக்கு உடன்பாடே கிடையாது.

முதல்ல நிர்வாகம் சொல்ற அந்த ஒரு வரி. பெரியவங்க பேச்ச மீறினா தோல்வி. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா சம்பவம் அப்படி ஆரம்பிக்கவே இல்லையே! ஹிஜ்ரி 3 ஷவ்வால், கி.பி. 625 மார்ச் மாசம். பத்ருல அடி வாங்குன மக்காவோட குறைஷிக் குலத்துக்காரங்க பழி வாங்க வர்றாங்க, சிரியா போற வியாபாரப் பாதைய மறுபடி திறக்கணும்ங்கிற அவசரம் வேற, பத்ரு சமயத்துல குறைஷித் தலைவர் அபூ சுஃப்யான் காப்பாத்திக் கொண்டு வந்த வியாபாரக் கூட்டத்தோட லாபத்தையே இந்தப் படைக்கு செலவு பண்றாங்கனு சீரா நூல்கள்ல வருது. 3000 பேர், 200 குதிரை. மதீனாவுல ஆலோசனை நடக்குது. நபி (ஸல்) அவங்களோட விருப்பம் ஊருக்குள்ளயே இருந்து தடுக்கிறது. ஆனா பத்ருல கலந்துக்க முடியாம போன இளவட்டங்களுக்கு வெளிய போய் மோதணும்னு துடிப்பு, அவங்க பேச்சுதான் எடுபடுது. நபி அவங்க உள்ள போய் கவசம் போட்டுட்டு வர்றதுக்குள்ள பசங்களுக்கு உறுத்த ஆரம்பிச்சிருச்சு, நாம வற்புறுத்திட்டோமோனு, வெளிய வந்ததும் உங்க இஷ்டப்படியே செய்ங்கனு சொல்றாங்க. அதுக்கு நபி அவங்க, கவசம் போட்ட நபி அல்லாஹ் தீர்ப்பு சொல்றவரைக்கும் அத கழட்டுறது முறையில்லனு சொல்லிட்டு கிளம்பிட்டாங்க.

அதாவது தலைவர் தன் கருத்த விட்டுக்கொடுத்து சின்னவங்க பேச்சக் கேட்ட இடம் இது. இத மறைச்சிட்டு "பெரியவங்க பேச்ச கேளு"னு முடிச்சீங்கனா 15 வயசுப் பையன் அடுத்த வாரமே யூட்யூப்ல முழுக்கதையும் பாத்துட்டு வந்து உங்கள மடக்குவான். மடக்கணும், அது அவன் வயசு.

கட்டளைய மீறினது அப்போ பெரிய விஷயம் இல்லையானு கேப்பீங்க. பெரிய விஷயம்தான், ஆனா அத அந்தக் குன்று மேல நின்னு பாக்கணும். அதுக்கு போர்டுல ஒரு மேப் போடுங்க, நீங்க போடாதீங்க, பசங்கள விட்டு போடச் சொல்லுங்க. மதீனாவுக்கு வடக்கால சில கிலோமீட்டர் தள்ளி நீளமா கிடக்குற உஹுத் மலை, அத முதுகுக்குப் பின்னாடி வச்சு முஸ்லிம் படை, பக்கத்துல தனியா ஒரு சின்னக் குன்று, இப்ப அத வில்வீரர் மலைனே சொல்றாங்க, உம்ரா போயிட்டு வந்தவங்க வீட்டுல கண்டிப்பா அந்தக் குன்று மேல ஏறி நின்ன ஃபோட்டோ இருக்கும், முடிஞ்சா எடுத்துட்டு வரச் சொல்லுங்க. கிளம்புனது 1000 பேர், வழியிலயே மதீனாத் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை 300 பேரக் கூட்டிட்டு திரும்பிட்டான், மிச்சம் 700. அதுல 50 வில்வீரர்கள அந்தக் குன்றுல நிறுத்தி அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவங்கள தலைவரா போடுறாங்க. புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புல வர்ற வார்த்தை என்னனா, பறவைங்க எங்கள கொத்திட்டுப் போறத பாத்தாலும் நான் ஆள் அனுப்புற வரைக்கும் இடத்த விட்டு நகராதீங்க. நாங்க ஜெயிச்சிட்டத பாத்தாலும் அதேதான். அந்த ரெண்டாவது பாதிய கவனிக்கச் சொல்லுங்க, தோத்தா மட்டும் இல்ல, ஜெயிச்சாலும்.

இப்ப கிளாஸ்ல பத்து பேர எந்திரிக்க வச்சு இவங்கதான் குன்று மேல நிக்கிறவங்கனு சொல்லுங்க. கத்தி, வில்லு, சண்டை போடுற ஆக்ஷன் எதுவும் வேணாம், அதுல இறங்குனா கிளாஸ் கை மீறிப் போயிரும், சும்மா நின்னா போதும். நீங்க மேல இருந்து தெரியறத மட்டும் ஒண்ணொண்ணா சொல்லுங்க. எதிரிப் படை பின்வாங்குது. கொடி விழுது. நம்மாளுங்க கூடாரத்துக்குள்ள புகுந்துட்டாங்க, பொருள் எல்லாம் எடுக்குறாங்க. காலையில இருந்து வெயில்ல நிக்கிறீங்க, உங்கள கூப்பிட யாரும் வரல. உங்க பக்கத்துல நிக்கிறவர் "ஙனீமத்! நம்மாளுங்க ஜெயிச்சிட்டாங்க, இன்னும் எதுக்கு நிக்கிறீங்க?"ங்கிறார், ஙனீமத்னா போர்ல கிடைக்கிற பொருள், இந்தப் பேச்சும் புகாரிலயே இருக்கு. தலைவர் அப்துல்லாஹ், நபி சொன்னத மறந்துட்டீங்களாங்கிறார். இப்ப முடிவு எடுங்க, இறங்குறவங்க இறங்கலாம்.

நான் மக்தப் டீச்சர்களுக்கு ட்ரெய்னிங் கொடுக்கிற இடத்துல இத செய்யச் சொல்லுவேன், எங்க செஞ்சாலும் நடக்கிறது ஒண்ணுதான், நாலு பேரு கண்டிப்பா இறங்குவாங்க, நூப்னு சொன்னவன் பெரும்பாலும் அதுல இருப்பான். ஏன் இறங்குனனு கேளுங்க. கடைசி விக்கெட் விழுந்துருச்சுனு நினைச்சு பவுண்டரி கயிறத் தாண்டி கிரவுண்டுக்குள்ள ஓடுற ஆளுக்கு தான் தப்பு பண்றோம்னு தோணவே தோணாதுல்ல, அந்த மாதிரிதான் பதில் சொல்லுவான், "முடிஞ்சிருச்சுனு நினைச்சேன் மிஸ்". அவ்ளோதான், உங்க பாடம் அங்க ஆரம்பிச்சிருச்சு. வில்வீரர்கள் யாரும் கெட்டவங்க இல்ல, கோழைங்க இல்ல, வேல முடிஞ்சிருச்சுனு அவங்களே தீர்மானிச்சிட்டாங்க, ஆசையும் அதுல கலந்திருந்துச்சு, ஆல இம்ரான் 152ல அல்லாஹ்வே சொல்றான், உங்கள்ல இம்மைய விரும்புறவங்களும் இருந்தாங்க மறுமைய விரும்புறவங்களும் இருந்தாங்கனு. தலைவரோட கொஞ்ச பேர் மட்டும் மேலயே நின்னாங்க, எதிரிக் குதிரைப்படையோட காலித் பின்பக்கமா சுத்தி வந்தப்போ முதல்ல ஷஹீதானது (மார்க்கத்துக்காக உயிர விட்டது) அவங்கதான். நின்னவங்களுக்கு அந்தக் கதி, இத பசங்க கேப்பாங்க, அநியாயமா இருக்கேனு. ஆமா கஷ்டமாதான் இருக்குனு சொல்லுங்க, உடனே சமாதானம் சொல்ல ஓடாதீங்க.

அடுத்து ரத்தம். அந்த அம்மா கேட்டதுல நியாயம் இல்லாம இல்ல, எல்லாத்தையும் சொல்லணும்னு கட்டாயமும் இல்ல. என் அளவுகோல் இதுதான், எண்ணிக்கைய சுருக்கி ஆள பெருசாக்குங்க. 70 பேர் ஷஹீதானாங்கனு சொன்னா பையனுக்கு அது ஸ்கோர். முஸ்அப் இப்னு உமைர் (ரலி) பத்தி சொல்லுங்க, மக்காவுல வசதியான வீட்டுப் பிள்ளை, அந்த ஊர்லயே நல்லா உடுத்துற இளைஞர், மதீனாவுக்கு முதல் ஆசிரியரா போனவர், உஹுத்ல கொடி பிடிச்சு நின்னு விழுந்தார், கஃபனுக்கு (உடம்ப மூடி அடக்க) இருந்தது ஒரே ஒரு போர்வை, தலைய மூடுனா கால் தெரியுது, கால மூடுனா தலை தெரியுது, கடைசில தலைய மூடிட்டு காலு மேல இத்கிர் புல்லப் போட்டு அடக்கினாங்க. இதுல ரத்தம் எங்க இருக்கு? ஆனா கிளாஸ் அமைதியாயிரும். அதே மாதிரி நபி (ஸல்) அவங்களோட பல்லு உடைஞ்சு முகத்துல ரத்தம் வழிஞ்சப்போ அலீ (ரலி) கேடயத்துல தண்ணி கொண்டு வந்து ஊத்துறாங்க, ஃபாத்திமா (ரலி) கழுவுறாங்க, கழுவக் கழுவ ரத்தம் கூடுதே தவிர நிக்கல, அப்போ ஒரு பாயத் துண்டாக்கி எரிச்சு அந்தச் சாம்பல காயத்துல வச்சு அமுக்குறாங்க, நின்னுச்சு. ஒரு மகள் வாப்பாவுக்கு செய்ற முதலுதவி இது, 13 வயசுப் பொண்ணு இதக் கேக்கக் கூடாதுனு எந்த அம்மாவும் சொல்ல மாட்டாங்க.

நபியோட சித்தப்பா ஹம்ஸா (ரலி) உடம்ப எதிரிங்க சிதைச்சத மட்டும் ரொம்ப விவரிக்காதீங்க. சிதைச்சாங்க, நபி அவங்க ரொம்ப வேதனைப்பட்டாங்க, அப்படி இருந்தும் பிணங்கள சிதைக்கிறத இஸ்லாம் தடுத்திருச்சுனு சொல்லி நிறுத்துங்க. ஹிந்த் அவரோட ஈரல மென்னதா வர்ற கதைய சீரா நூல்கள்ல வச்சு நிறைய பேர் மேடையில முழங்குவாங்க, அதோட அறிவிப்பாளர் தொடர் (யாரு யாருகிட்ட கேட்டு சொன்னாங்கங்கிற வரிசை) பத்தி ஆலிம்கள் கேள்வி எழுப்பியிருக்காங்க, பசங்களுக்கு அது தேவையும் இல்ல. பெரிய பசங்களுக்கு இந்த இடத்துல இன்னொன்னும் கத்துக்கொடுக்கலாம், புகாரில அறிவிப்பாளர் தொடரோட வர்ற செய்தி வேற, இப்னு இஸ்ஹாக் மாதிரி சம்பவம் நடந்து நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு தொகுத்தவங்க தர்ற எண்ணிக்கையும் வர்ணனையும் வேற, ரெண்டையும் படிக்கலாம் ஆனா ஒரே தராசுல வைக்கக் கூடாது. அந்த 3000, 700 எல்லாம் கூட சீரா நூல்கள் கணக்குனு சொல்லியே சொல்லுங்க, ஹிஸ்டரி படிக்கிற பழக்கம் அங்கதான் வரும்.

இப்ப அந்தப் பையனோட கேள்வி, நபி கூட இருந்தும் எப்படினு. அவன அதட்டாம விட்டீங்கனு எழுதியிருந்தீங்க, ரொம்ப நல்ல வேல செஞ்சீங்க, ஏன்னா அது அவனோட கேள்வி மட்டும் இல்ல. ஆல இம்ரான் 165 எடுங்க. இதுக்கு ரெண்டு மடங்கு நீங்க அவங்களுக்கு கொடுத்திருந்தும், உங்களுக்கு ஒரு துன்பம் வந்ததும் "இது எங்கிருந்து வந்துச்சு?"னு கேக்குறீங்களா, அது உங்ககிட்ட இருந்துதான் வந்துச்சுனு சொல்லுங்கனு வருது. சண்டையில நின்னவங்களே கேட்ட கேள்விய அவன் கேட்டிருக்கான்! அந்த ரெண்டு மடங்கு என்னனா, பத்ருல எதிரிங்க 70 பேர் செத்து 70 பேர் கைதியானாங்க, இங்க 70. அடுத்த கிளாஸ்ல அவன் பேரச் சொல்லி, நீ கேட்டது குர்ஆன்லயே இருக்குடானு அவனையே அந்த ஆயத்தோட தமிழாக்கத்த வாசிக்க வைங்க. 140வது ஆயத்தும் சேத்துக்கோங்க, இந்த நாட்கள மக்களுக்கு மத்தியில மாறி மாறி வரச் செய்றோம்னு வர்றது. ஒரு நாள் ஜெயிச்சது நாம சரிங்கிறதுக்கு ஆதாரமும் இல்ல, ஒரு நாள் தோத்தது நாம தப்புங்கிறதுக்கு ஆதாரமும் இல்லங்கிறத இத விட நேரா எப்படி சொல்றது.

நேரம் கம்மியா இருந்தா மேல சொன்னதுல எத வேணா குறைச்சுக்கோங்க, ஆனா இனி சொல்றத மட்டும் குறைக்காதீங்க. இறங்குன வில்வீரர்கள என்ன பண்ணாங்க? பெரும்பாலான பாடப் புத்தகத்துல தோல்வியோட கதை முடிஞ்சிரும், மறுநாள் ஹம்ராவுல் அஸத் வரைக்கும் எதிரிய துரத்திட்டுப் போனத ஒரு வரி போடுவாங்க, அவ்ளோதான். தன்னோட சித்தப்பாவ பறிகொடுத்து, பல்லு உடைஞ்சு, அவங்க இறந்துட்டாங்கனு வதந்தி வேற கிளம்பி, இத்தன பேர அடக்கம் பண்ணிட்டு வந்த தலைவர், இடத்த விட்டு நகர்ந்த ஆளுங்கள வரிசையா நிறுத்தி தண்டிச்சதா எங்கயும் இல்ல. 152ல உங்கள மன்னிச்சிட்டான்னு வருது. அன்னைக்கு திரும்பி ஓடுனவங்களப் பத்தி 155ல மறுபடி மன்னிச்சிட்டான்னு வருது. அப்புறம் 159. அல்லாஹ்வோட அருளாலதான் நீங்க அவங்ககிட்ட மென்மையா நடந்துக்கிட்டீங்க, கடுகடுப்பா கல் மனசோட இருந்திருந்தா உங்கள விட்டு ஓடியிருப்பாங்க, அதனால அவங்கள மன்னிங்க, அவங்களுக்காக பாவமன்னிப்பு கேளுங்க, காரியங்கள்ல அவங்ககிட்ட ஆலோசனை கேளுங்க.

ஆலோசனை கேட்டு வெளிய வந்துதான் இவ்ளோவும் ஆச்சு. அதுக்கு அப்புறமும் அவங்ககிட்டயே ஆலோசனை கேளுங்கனு வருது பாருங்க. நம்ம வீட்டுல பையன் சொன்னான்னு ஒரு ஃபோன் வாங்கி அது ரிப்பேரானா பத்து வருஷத்துக்கு அவன எந்தப் பேச்சுலயும் சேக்க மாட்டோம். டீனேஜ் பிள்ளைங்களுக்கு தப்பு பண்ணக் கூடாதுங்கிறது தெரியாம இல்ல, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அதத்தான் கேக்குறாங்க, தப்பு பண்ணதுக்கு அப்புறம் தனக்கு இடம் இருக்கானுதான் அவங்களுக்கு தெரியல. உஹுத்ல அந்தப் பதில் இருக்கு, நிர்வாகம் கேட்டா இதத்தான் எடுக்குறேன்னு சொல்லுங்க, ஆயத் நம்பரோட.

எதிரி பத்தியும் ஒண்ணு. நீங்க எழுதல, ஆனா இந்தக் காலத்துல கண்டிப்பா வரும், ஏதாவது ரீல்ஸ் பாத்துட்டு வந்து "இப்ப யாரு மிஸ் குறைஷிங்க?"னு ஒருத்தன் கேப்பான். பேச்ச மாத்தாதீங்க, பயப்படாதீங்க. போர்டுல எதிர் வரிசையில இருந்த பேர எழுதுங்க: அபூ சுஃப்யான், காலித் இப்னு வலீத், இக்ரிமா, ஹிந்த், வஹ்ஷி. இவங்க கடைசில என்ன ஆனாங்கனு தேடிட்டு வரச் சொல்லுங்க. அஞ்சு பேருமே முஸ்லிமானாங்க. குதிரையோட சுத்தி வந்து அந்தத் தோல்விக்கு காரணமான காலித்தான் நாலஞ்சு வருஷத்துல அல்லாஹ்வின் வாள்னு பேர் வாங்குறார். வஹ்ஷி ஒரு அடிமை, ஹம்ஸாவ கொன்னா விடுதலைனு எஜமான் சொன்னதால ஈட்டி எறிஞ்சவர், பின்னாடி அவரே தன் வாயால அத சொல்ற ஹதீஸ் புகாரில இருக்கு, வஹ்ஷி இஸ்லாத்துக்கு வந்தத நபி அவங்க ஏத்துக்கிட்டு, உங்க முகத்த என் கண்ணுல படாம வச்சுக்க முடியுமானு மட்டும் கேட்டாங்க. மன்னிப்பு இருக்கு, வலியும் இருக்கு, ரெண்டும் ஒரே ஆள்கிட்ட. இத கேட்ட பையன் பக்கத்துத் தெருக்காரன இவன் எதிரினு கோடு போட்டு வைக்க மாட்டான்.

பொண்ணுங்க கிளாஸ்ல பாதி இருக்காங்கனு எழுதியிருக்கீங்க, அவங்கள வெறும் பார்வையாளரா உக்கார வைக்காதீங்க, நுஸைபா (ரலி) நபிய சுத்தி நின்னு காயப்பட்டது, ஆயிஷாவும் உம்மு சுலைமும் (ரலி) தண்ணித் துருத்தி சுமந்து ஓடுனது எல்லாம் இருக்கு. பசங்களுக்கு வயசுக் கதை பிடிக்கும். இப்னு உமர் (ரலி) 14 வயசுல வந்து நின்னப்போ சேத்துக்கல, திருப்பி அனுப்பிட்டாங்க. ராஃபிஃங்கிற பையன் நல்லா அம்பு விடுவான்னு சேத்ததும், ஸமுராங்கிற இன்னொரு பையன், நான் அவன மல்யுத்தத்துல சாய்ச்சிருவேனேனு சொல்லி சாய்ச்சும் காட்டி உள்ள நுழைஞ்ச கதை சீரால வரும், கிளாஸ் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்கட்டும். ஆனா அப்படியே விட்டுறாதீங்க, 14 வயசுக்காரன திருப்பி அனுப்பினது ஏன்னும் கேளுங்க, சண்டை சின்னப் பிள்ளைங்க விளையாட்டு இல்லனு அவங்க வாயாலயே வரும்.

அந்த அம்மாவுக்கு நீங்களே ஃபோன் பண்ணுங்க, மெசேஜ் வேணாம், குரூப்ல போடவே போடாதீங்க. என்ன எடுக்கப் போறேன், எத விடப் போறேன்னு நேரா சொல்லிட்டு, வேணும்னா வந்து பின்னாடி உக்காந்து பாருங்கனு கூப்பிடுங்க. மூணு வாரமா பிரிச்சுக்கோங்க, ஆலோசனையும் குன்றும் ஒரு வாரம், முஸ்அபும் ஃபாத்திமாவும் அந்தப் பையனோட கேள்வியும் ரெண்டாவது வாரம், மன்னிப்பும் எதிர் வரிசை ஆளுங்களும் மூணாவது வாரம். பரீட்சையில "உஹுதில் கலந்துகொண்டோர் எத்தனை பேர்?" கேள்விய எடுத்துட்டு, "நீ குன்று மேல நின்னிருந்தா பக்கத்துல இருந்தவர்கிட்ட என்ன சொல்லியிருப்ப?"னு அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்க. அகழ் அதுக்கு அப்புறம் மெதுவா எடுக்கலாம், அவசரமே இல்ல.